‘காடு’ என்னும் சொல்லும் கணினியின் தமிழும்: சுற்றுச்சூழல் புத்தொழில் நிறுவனங்களின் ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவுப் பயன்பாடு குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

சுற்றுச்சூழல் காப்பைத் தம் தொழிலாகக் கொண்ட புத்தொழில் நிறுவனங்கள் அண்மை ஆண்டுகளில் ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவைப் பெரிதும் நாடி வருகின்றன. ஏற்கெனவே உள்ள பெருந்தொகையான உரை, படம், ஒலி ஆகியவற்றைக் கற்று, அவற்றைப் போன்ற புதியவற்றை இயற்றித் தரும் கணினி மாதிரிகளையே இப்பெயர் குறிக்கிறது. 2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சாட்ஜிபிடி பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வந்தபின் இம்முயற்சிகள் விரைவு பெற்றன. இவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பொறியியலார் நோக்கிலும் முதலீட்டாளர் நோக்கிலும் அமைந்துள்ளது. ஆயினும், இந்நிறுவனங்கள் இப்பொறிகளிடமிருந்து பெறுவனவற்றுள் பெரும்பகுதி சொற்களே ஆகும். அறிக்கை, அறிவுரை, மொழிபெயர்ப்பு, சுருக்கம் என அவை பலவாறு அமைகின்றன. சொல்லை ஆராய்வது மொழியாசிரியர் பணியாதலின், இத்துறை நமக்குப் புறம்பானதன்று.

சொல் பிழைபட்டால் சூழல் பற்றிய அறிவும் பிழைபடும் என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும். பேரா மாநிலத்தின் தென்கோடியில் அமைந்த தஞ்சோங் மாலிம் வட்டாரத்தையும், அதனைச் சூழ்ந்த பழைய இரப்பர்த் தோட்டங்களின் தமிழையும் நாம் உரைகல்லாகக் கொள்கிறோம்.

பயன்பாட்டின் வகைகள்

இந்நிறுவனங்களின் பயன்பாட்டினை மூவகையாகப் பகுத்துக் காணலாம். முதலாவது, பொருளை ஆக்கும் பயன்பாடு. இலண்டனைச் சார்ந்த ஆர்பிட்டல் மெட்டீரியல்ஸ், 2024ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் தொடங்கப்பெற்ற கஸ்ப்ஏஐ ஆகிய நிறுவனங்கள் கரியமில வாயுவைக் காற்றிலிருந்து பிரித்தெடுக்கவல்ல புதிய பொருள்களின் அணுக்கட்டமைப்புகளை இம்முறையால் தேடுகின்றன. ஈண்டுப் பொறி இயற்றுவது சொல்லன்று. ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்து ஏற்கவோ தள்ளவோ கூடிய ஒரு கட்டமைப்பு. பிழை நேர்ந்தால் சோதனைச்சாலை அதனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டாவது, அறிக்கை எழுதும் பயன்பாடு. கரிம உமிழ்வைக் கணக்கிடும் மென்பொருள் நிறுவனமான பெர்செஃபோனி, 2023ஆம் ஆண்டில் ‘பெர்செஃபோனிஜிபிடி’ என்னும் உரையாடியை அறிமுகப்படுத்தியது. சட்டங்களும் அளவைநெறிகளும் பெருகிவரும் சூழலில், நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படித்துச் சுருக்குவதும் வரைவு எழுதுவதும் பொறிக்கு ஒப்படைக்கப்படுகின்றன.

மூன்றாவது, அறிவுரை கூறும் பயன்பாடு. பருவநிலை மாற்றத்தால் இடர்ப்படும் உழவர்க்குப் பயிர், நோய், மழை பற்றி அவர்தம் மொழியிலேயே விடை கூறும் உரையாடிகள் இவ்வகையின. பின்னிரு வகைகளிலும் பிழையைக் காட்டிக் கொடுக்கும் சோதனைச்சாலை கிடையாது. சொல் திருத்தமாகவும் சரளமாகவும் அமைந்துவிட்டால், அது உண்மை என்றே கொள்ளப்படும். ஆகவே திறனாய்வு வேண்டப்படுவதும் இவ்விரண்டிலேயே மிகுதி.

அறிவுரை கூறும் பொறிகள்

2023ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கிசான்ஜிபிடி (பின்னர் கிசான்ஏஐ) தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் குரல்வழி வினவவும் விடைபெறவும் வழிசெய்தது. எழுத்தறியாதவரும் பயன்கொள்ளலாம் என்பது இதன் சிறப்பாகும். இலாப நோக்கற்ற டிஜிட்டல் கிரீன் அமைப்பின் ‘ஃபார்மர்.சாட்’ இன்னொரு சான்று. இது நம்பத்தக்க ஆவணத்தொகுதியை முதலில் தேடி, அதில் கிடைத்த பகுதியை அடிப்படையாகக் கொண்டு விடை எழுதும் முறையில் இயங்குவது. கென்யா, இந்தியா, எத்தியோப்பியா, நைஜீரியா ஆகிய நான்கு நாடுகளில் 15,000க்கு மேற்பட்ட உழவர்கள் இதனோடு உரையாடினர் என்றும், 300,000க்கு மேற்பட்ட வினாக்களுக்கு விடையளிக்கப்பட்டது என்றும் 2024ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுரை கூறுகிறது. இவ்வெண்கள் பயன்பாட்டின் பரப்பைக் காட்டுகின்றன. விடை வயலில் பலித்ததா என்பதனை விடைகளின் எண்ணிக்கையால் அறிய இயலாது என்பதும் உடன் கருதத்தக்கது.

பெங்களூரைச் சார்ந்த குரோப்பின் நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அக்ஷரா’ என்னும் மாதிரி நம் ஆய்வுக்கு மிகவும் பொருத்தமானது. எழுத்தைக் குறிக்கும் வடசொல்லையே பெயராகப் பூண்ட இம்மாதிரி, மிஸ்ட்ரல் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் திறந்த மாதிரியை அடித்தளமாகக் கொண்டது. இந்தியத் துணைக்கண்டத்தின் ஐந்து நாடுகளுக்கும், நெல், கோதுமை, சோளம், கரும்பு, பருத்தி முதலிய ஒன்பது பயிர்வகைகளுக்கும் உரிய அறிவு இதற்குப் புகட்டப்பெற்றது. எல்லாவற்றையும் அறிந்ததுபோல் பேசாமல் தன் எல்லையை வரையறுத்துக் கொண்டமை பாராட்டத்தக்கது. ஆயினும், அவ்வொன்பதில் இரப்பர் இல்லை, எண்ணெய்ப்பனையும் இல்லை. அவ்வைந்து நாடுகளில் மலேசியா இல்லை. எனவே தஞ்சோங் மாலிம் வட்டாரத்தின் மண்ணும் மரமும் அம்மாதிரியின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

இங்கு மற்றொரு வேறுபாடும் உண்டு. இப்பொறிகள் யாவும் தம் முன்னிலையாக ‘உழவர்’ என்பவரையே கருதுகின்றன. நிலம் உடையவர், விதை தேர்பவர், உரம் இடுபவர் அவர். பெர்னாம் ஆற்றின் இருகரைகளிலும் தமிழ் பேசி வாழ்ந்தவரிற் பெரும்பாலோர் நிலவுடைமையாளர் அல்லர், தோட்டத் தொழிலாளர். மரத்தைப் பற்றிய நுண்ணறிவு அவர்களிடம் இருந்தது, மரம் அவர்களுடையதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் எண்ணெய்ப்பனைக்கு மாற்றப்பட்டும் போனபின், அவர்தம் பிள்ளைகள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். அவ்வறிவு இன்று எஞ்சியிருப்பது அவர்தம் பேச்சுமொழியில் மட்டுமே எனலாம். அறிவுடையார் ஒருவர், பொறியின் பயனாளர் வேறொருவர் என்ற நிலையில், தமிழில் பேசும் பொறி யாருக்காகப் பேசுகிறது என்ற வினா எழுகின்றது.

ஓர் எளிய எடுத்துக்காட்டைக் காண்போம். ‘இலை கொட்டுகிறது, என்ன செய்வது?’ என ஒருவர் வினவுவதாகக் கொள்வோம். இரப்பர் மரம் ஆண்டின் தொடக்க மாதங்களில் இயல்பாகவே இலையுதிர்த்துத் தளிர்க்கும். அதற்கு மருந்து வேண்டா. ஆனால் 2017ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் பெஸ்டலோடியோப்சிஸ் என்னும் பூஞ்சையால் நேரும் இலையுதிர் நோயும் காணப்படுகிறது. இது முதிர்ந்த இலைகளில் வட்டவடிவப் பழுப்புப் புள்ளிகளைத் தோற்றுவித்து அவற்றை உதிர்ப்பது. இரண்டையும் தொழிலாளர் ‘இலை கொட்டுதல்’ என்றே கூறுவர். எந்த மாதம், எந்த இலை, புள்ளி உண்டா என்று திரும்பக் கேட்கத் தெரிந்ததே நல்ல பொறி. கேளாமல் உடனே விடை கூறும் பொறி, நடை எத்துணை இனிதாயினும், தேவையற்ற மருந்துக்கு வழிகாட்டிவிடும். அன்றி நோயை இயல்பெனக் கூறி ஏமாற்றிவிடும்.

காடும் வெட்டும்

அறிக்கை எழுதும் பயன்பாட்டில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் காடழிப்புத் தொடர்பான ஓர் ஒழுங்குமுறையை இயற்றியது. இரப்பர், எண்ணெய்ப்பனை, கொக்கோ, காப்பி, சோயா, கால்நடை, மரம் ஆகிய ஏழு பொருள்களும் அவற்றிலிருந்து செய்யப்படும் பட்டியலிட்ட பண்டங்களும் 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31க்குப் பின் காடழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்தவை அல்ல எனச் சான்று காட்டினால்தான் ஐரோப்பியச் சந்தைக்குள் செல்ல இயலும். விளைந்த நிலத்தின் புவியிட ஆயங்கள் தரப்பெறல் வேண்டும். 4 ஹெக்டருக்கு மேற்பட்ட நிலமாயின் அதன் எல்லைக்கோடே வரைந்து தரப்பெறல் வேண்டும். இருமுறை ஒத்திவைக்கப்பெற்ற இவ்விதி, பெரிய நிறுவனங்களுக்கு 2026ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பெற்றுள்ளது. இத்தகைய சான்றுகளைத் திரட்டித் தரும் பணி, சுற்றுச்சூழல் புத்தொழில் நிறுவனங்களுக்கு ஒரு புதிய களமாக அமைந்துள்ளது.

அவ்விதியில் ‘காடு’ என்பது யாது? அரை ஹெக்டருக்கு மேற்பட்ட பரப்பும், 5 மீட்டருக்கு மேல் உயரும் மரங்களும், நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட நிழற்கவிவும் உடைய நிலம் காடு. ஆனால் வேளாண் பயன்பாட்டில் உள்ள நிலம் காடாகாது. இரப்பர்த் தோட்டம் உயரத்தாலும் கவிவாலும் காடே, பயன்பாட்டால் காடன்று. ஐ.நா. உணவு வேளாண் நிறுவனமோ தன் காட்டு வள மதிப்பீட்டில் இரப்பர் மரத்தோப்புகளைக் காட்டுக்குள் அடக்குகிறது. ஆக, உலக அமைப்புகளுக்கிடையிலேயே ஒரு சொல் இருபொருள்பட நிற்கின்றது.

வானிலிருந்து நோக்கும் செயற்கைக்கோளுக்கும் இவ்வேறுபாடு எளிதன்று. 2023ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வொன்று, மேற்குறித்த இலையுதிர் பருவத்தைத் துணையாகக் கொண்டே தென்கிழக்காசியாவின் இரப்பர் நிலங்களை இயற்கைக் காட்டினின்றும் பிரித்தறிந்தது. 1993ஆம் ஆண்டு முதல் 40 இலட்சம் ஹெக்டருக்கு மேற்பட்ட காடு இரப்பருக்காக அழிந்தது என்பது அதன் முடிவாகும். காடழிப்பு மெய்யானது, அதனைத் தடுக்கும் விதியும் தேவையானதே. விதி தேவையானது என்பதனாலேயே அதன்கீழ் எழுதப்படும் ஒவ்வொரு சொல்லும் திருத்தமாக இருத்தல் வேண்டும்.

இனித் தோட்டத் தமிழுக்கு வருவோம். மலேசியத் தமிழர் இரப்பர்த் தோட்டத்தைப் ‘பால்மரக் காடு’ என்றே வழங்கினர். ‘காட்டுக்குப் போதல்’ என்பது வேலைக்குச் செல்லுதலைக் குறித்தது. தோட்ட வாழ்வைப் பாடுபொருளாகக் கொண்ட அகிலனின் புதினத்திற்குப் ‘பால்மரக் காட்டினிலே’ எனப் பெயர் அமைந்தமை ஈண்டு நினையத்தக்கது. கொங்கு நாட்டு வழக்கில் ‘காடு’ புன்செய் நிலத்தைக் குறிப்பதையும் நாம் அறிவோம். அதுபோலவே, ‘மரம் வெட்டுதல்’ என்பது தோட்டத் தமிழில் பட்டையைச் சீவிப் பாலெடுத்தலைக் குறிக்கும். பொதுத் தமிழிலோ மரத்தை வீழ்த்துதலைக் குறிக்கும்.

இவ்விரண்டு சொற்களையும் சேர்த்து நோக்குக. ‘நாங்கள் முப்பது ஆண்டுகளாக இந்தக் காட்டில் மரம் வெட்டுகிறோம்’ என ஒரு முதியவர் கூறுவதாகக் கொள்வோம். தோட்டத்தை அறிந்தவர்க்கு இது ஓர் எளிய தொழிற்கூற்று. மரங்கள் நின்று பால் தருகின்றன என்பதற்கே சான்று. பெரும்பாலும் பொதுத் தமிழையே கற்ற ஒரு மாதிரி இதனை மலாய்க்கோ ஆங்கிலத்திற்கோ பெயர்க்குமாயின், முப்பது ஆண்டுக் காடழிப்பின் ஒப்புதல் வாக்குமூலமாக அது மாறிவிடக் கூடும். பெயர்ப்பில் இலக்கணப் பிழை ஒன்றும் இராது. வாக்கியம் செம்மையாகவே இருக்கும். அச்செம்மையே ஐயத்தைத் தடுத்துவிடும்.

இவை இரண்டோடு நில்லா. பாலேந்தும் கிண்ணமாகிய ‘மங்கு’, கிண்ணத்தில் உறைந்த ‘கட்டிப்பால்’, வெட்டுக்காயத்தின்மேல் காய்ந்து ஒட்டிய ‘ஒட்டுப்பால்’, வரிசையைக் குறிக்கும் ‘நிரை’ என இத்தொழிலுக்குரிய சொற்றொகுதி ஒன்று உண்டு. வயது முதிர்ந்த மரங்களை அகற்றி மீண்டும் நடுதல் தோட்டத் தொழிலின் ஓர் அங்கம். இரப்பர் மரத்தின் பயன்காலம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் ஆதலின், ஒவ்வொரு தலைமுறையிலும் மரங்கள் வீழ்த்தப்படவே செய்யும். இம்மறுநடவு, நிலம் முன்னரே வேளாண் பயன்பாட்டில் இருந்ததாயின், விதியின்படி காடழிப்பாகாது. இவற்றைப் பிரித்தறியும் அறிவு படத்தில் இல்லை, சொல்லில் உள்ளது, அச்சொல்லை வழங்கியோர் நினைவில் உள்ளது. பிழைபட்ட அறிக்கையால் ஒரு சிறுதோட்டக்காரர் சந்தையை இழக்கலாம். மறுதலையாக, சரளமான அறிக்கையால் மெய்யான காடழிப்பு மறைக்கப்படவும் கூடும்.

பொறுப்புடைய குரல்

தொழில்நுட்பத்தைத் தமிழ்ச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்ற முன்னோடி முயற்சி ஒன்று இங்கு ஒப்பிடத்தக்கது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1998ஆம் ஆண்டில் புதுச்சேரி வட்டாரத்தில் சிற்றூர் அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊரில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலைகளின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு பெறப்பட்டுத் தமிழில் ஒலிபெருக்கிவழி அறிவிக்கப்பட்டது. இம்முயற்சியில் கருவி எளியது. ஆனால் மூலம் வெளிப்படையானது. அறிவிக்கும் குரல் ஊரார் அறிந்த குரல். பிழை நேர்ந்தால் மறுநாள் கரையில் வினவுவதற்கு ஒருவர் இருந்தார். இன்றைய உரையாடி அதனினும் பன்மடங்கு ஆற்றலுடையது. ஆனால் வினவப்படுவதற்குரிய ஒருவர் அதன்பின் நிற்கிறாரா என்பது பல இடங்களில் தெளிவாக இல்லை.

தஞ்சோங் மாலிமும் இவ்வகையில் ஒரு பாடம் புகட்டுகின்றது. 1922ஆம் ஆண்டில் இங்கு நிறுவப்பெற்ற சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, மலாய் ஆசிரியர்க்குத் தோட்டக்கலையையும் கைவினையையும் பாடமாகப் பயிற்றியது. 1924ஆம் ஆண்டில் அக்கல்லூரியிலேயே மலாய் மொழிபெயர்ப்பு அலுவலகம் அமைந்தது. ‘ஸாபா’ என அறியப்பெறும் ஸைனல் அபிடின் அகமது அதன் தலைமை மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். பிறமொழி அறிவு ஓர் ஆசிரியரின் கண்காணிப்பில், சொல் தேர்ந்து, எழுத்து திருத்தி, மக்கள் மொழிக்கு வந்தது. குடியேற்ற ஆட்சியின் எல்லைகள் அப்பணிக்கு இருந்தன என்பது உண்மையே. எனினும் பெயர்ப்புக்குப் பொறுப்பேற்றவர் யார் என்பதில் ஐயமில்லை. அக்கல்லூரியே 1997ஆம் ஆண்டில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாயிற்று. 2016ஆம் ஆண்டில் உருவான இம்மாவட்டத்திற்கு, ஆசிரியர் என்னும் பொருள்படும் ‘முஅல்லிம்’ என்னும் பெயர் அமைந்திருப்பதும் பொருத்தமே.

தமிழுக்கு ஆகும் செலவு

சூழலைக் காக்கவெனப் பயன்படும் பொறி, தானே சூழலுக்குச் சுமையாகாதா என்ற வினாவையும் ஒதுக்க இயலாது. பன்னாட்டு எரிசக்தி முகமையின் 2025ஆம் ஆண்டு அறிக்கையின்படி, தரவு மையங்கள் 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 415 டெராவாட்மணி மின்சாரத்தை நுகர்ந்தன. இஃது உலக மின் நுகர்வில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. 2030ஆம் ஆண்டில் இஃது ஏறத்தாழ 945 ஆகலாம் என்பது அம்முகமையின் மதிப்பீடு. தனியொரு வினாவுக்கான செலவு சிறிதே. தன் ஜெமினி மாதிரியின் இடைநிலை உரைவினா ஒன்றுக்கு 0.24 வாட்மணி ஆகிறது என கூகிள் நிறுவனம் 2025ஆம் ஆண்டில் வெளியிட்டது. சிறுதுளி பெருவெள்ளமாவதே இங்குச் சிக்கல். ஜொகூரில் பெருகிவரும் தரவு மையங்களால் இது நம் நாட்டுச் சிக்கலுமாகிறது.

இதில் மொழியின் பங்கும் உண்டு. மாதிரிகள் உரையை ‘டோக்கன்’ எனப்படும் துண்டுகளாக்கியே கையாளுகின்றன. துண்டுகள் மிகுந்தால் கணிப்பும் செலவும் மிகும். 2024ஆம் ஆண்டு மே திங்களில் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட எடுத்துக்காட்டில், ஒரே பகுதி ஆங்கிலத்தில் 27 துண்டுகளாகவும் தமிழில் 116 துண்டுகளாகவும் இருந்து, புதிய முறையில் முறையே 24 ஆகவும் 35 ஆகவும் குறைந்தது. முன்னேற்றம் பெரிது. ஆயினும் தமிழெழுத்து பிற்சிந்தனையாகவே கருதப்பட்டு வந்தது என்பதற்கு அம்முந்தைய எண்ணே சான்று. சிங்கப்பூரின் ‘சீ-லயன்’ மாதிரி தென்கிழக்காசிய மொழிகளோடு தமிழையும் சேர்த்துக் கொண்டமை வரவேற்கத்தக்கது. எனினும் எழுத்தில் பதிவாகாத தோட்டத் தமிழை எந்த மாதிரியும் தானாகக் கற்றுவிட இயலாது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், சுற்றுச்சூழல் புத்தொழில் நிறுவனங்களின் இப்பயன்பாட்டைக் கொண்டாடுவதோ புறக்கணிப்பதோ போதாது என்பது பெறப்படும். பொருளை ஆக்கும் துறையில் சோதனைச்சாலை காவலாக நிற்கிறது. சொல்லை ஆக்கும் துறையில் அக்காவலை மொழியறிந்தோரே ஏற்றல் வேண்டும். இதன்பொருட்டு மூன்று கருத்துகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, தோட்டத் தொழிற்சொற்கள் பொருள், வட்டாரம், பயன்படும் சூழல் ஆகியவற்றோடு தொகுக்கப்பெறல் வேண்டும். பேராவின் பழைய தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறையினர் முதுமை எய்திவிட்டனர். அவர் மறைந்தபின் இத்தொகுப்பு இயலாது. பயிற்சி ஆசிரியர்கள் தத்தம் குடும்பத்து முதியோரிடமிருந்தே இப்பணியைத் தொடங்கலாம். பெற்ற சொற்களை அவர்தம் இசைவோடு, அவர் குரலிலேயே பதிவு செய்தல் நன்று. இரண்டாவது, தமிழில் அறிவுரையோ அறிக்கையோ தரும் நிறுவனம், தன் விடையின் மூலத்தையும் அதனைச் சரிபார்த்தவரையும் வெளிப்படுத்துதல் வேண்டும். மூன்றாவது, பொறி எழுதிய சுற்றுச்சூழல் உரைகளை வகுப்பறையில் திறனாய்வுப் பொருளாகக் கொள்ளலாம். ஒரு சொல் எந்நிலத்தில் எப்பொருள் தரும் என ஆராய்வது, திணைக்கோட்பாட்டைப் பயின்ற தமிழ் மாணவர்க்குப் புதிதன்று.

நிலத்தையும் சொல்லையும் பிரியாது நோக்கிய மரபு நம்முடையது. ‘காடு’ என ஒருவர் கூறும்போது எந்தக் காடு என்று கேட்பதற்கு ஆசிரியர் இருக்கும்வரை, பொறியின் தமிழும் பயனுடைய தமிழாக அமையும்.